கேம்பல்டவுனின் ஸ்பிரிங்பேங்க் வடிசாலை: வரலாறும் செய்முறையும்

ஸ்காட்ச் விஸ்கி வடிசாலைகளுள் ஸ்பிரிங்பேங்கை மட்டும் ஏன் தனியாக எடுத்துவைத்துப் பேசுகிறார்கள், அங்கே மற்ற இடங்களில் இல்லாத எது நடக்கிறது என்பது கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், பார்லியை ஊறவைத்து முளைகட்டுவதில் தொடங்கி, புட்டியில் அடைத்துச் சீட்டு ஒட்டுவது வரை எல்லா வேலையும் அந்த ஊரிலேயே, ஒரே நிறுவனத்தின் ஆட்களால் நடக்கின்றன. முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை வெளியிலிருந்து வாங்குவதும், முதிர்ந்த விஸ்கியை லாரியில் ஏற்றி வேறு நகரத்தில் புட்டியில் அடைப்பதும் ஸ்காட்லாந்தில் பெருவழக்காகிவிட்ட நிலையில், தன் மால்ட் முழுவதையும் தானே தரையில் பரப்பி முளைகட்டும் வடிசாலை என்று தேடினால் ஸ்பிரிங்பேங்கின் பெயர்தான் முதலில் வரும். ஆனால் இதை 1828 முதல் இடையறாது தொடர்ந்து வரும் மரபு என்று எழுதுவது சரியன்று. இடையில் 32 ஆண்டுகள் முளைகட்டும் தளம் மூடிக் கிடந்தது. வடிசாலையே பல ஆண்டுகள் அடுப்பு மூட்டாமல் இருந்தது. அங்கே இன்று காணப்படும் பழைய முறையில் ஒரு பகுதி தற்செயலாகத் தப்பியது. இன்னொரு பகுதி, கைவிட்ட பிறகு வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவரப்பட்டது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் வடிசாலையின் வரலாறும் விளங்கும், செய்முறையும் விளங்கும்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் தென்மேற்கில், அயர்லாந்தை நோக்கிக் கடலுக்குள் நீண்டு இறங்கும் கின்டயர் தீபகற்பத்தின் கடைக்கோடியில் இருக்கிறது கேம்பல்டவுன். இன்று ஏறத்தாழ 5,000 பேர் வாழும் இந்தச் சிற்றூரில் ஒரு காலத்தில் 30க்கும் மேற்பட்ட வடிசாலைகள் இருந்திருக்கின்றன. அதற்குக் காரணங்கள் உண்டு. கின்டயரின் வயல்களில் பார்லி விளைந்தது. சுற்றிலும் பீட் கிடைத்தது. பீட் என்பது சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் மக்கி இறுகிய எரிபொருள். வெட்டிக் காயவைத்து அடுப்பில் இடுவார்கள். மேற்கே மாக்ரிஹானிஷ் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கமும் இருந்தது. ஊருக்கு நடுவே இயற்கையான துறைமுகம் இருந்ததால், சாலை வழியே போனால் மலைகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய கிளாஸ்கோ, கப்பலில் எளிதில் எட்டும் சந்தையாக அமைந்தது.

சட்டப்படி வடிசாலை நடத்துவதற்கு முன்பு அங்கே திருட்டுத்தனமாகக் காய்ச்சுவதுதான் தொழில். இதற்கு அருமையான சான்று ஒன்று கிடைத்திருக்கிறது. ராபர்ட் ஆர்மர் என்ற கேம்பல்டவுன் செப்புக் கொல்லர் 1811 முதல் 1817 வரை தாம் செய்து விற்ற கள்ள வடிகலன்களின் கணக்கை எழுதிவைத்திருந்தார். அந்தக் கணக்கேடுகள் இன்றும் உள்ளன. யார் வாங்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு கலன் வாங்கியிருக்கிறார்கள். வாங்கியவர்களில் பெண்களும் பலர். சாராயம் காய்ச்சுவது அந்தப் பகுதியில் எவ்வளவு சாதாரணக் குடும்பத் தொழிலாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. 1823ஆம் ஆண்டின் கலால் சட்டம், ஆண்டுக்கு 10 பவுண்டு உரிமக் கட்டணத்தை வைத்து, வரியையும் வெகுவாகக் குறைத்தபோது, மறைந்து காய்ச்சுவதைவிட உரிமம் வாங்கிக் காய்ச்சுவதே லாபம் என்றாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் கேம்பல்டவுனில் வடிசாலைகள் வரிசையாக முளைத்தன.

ஸ்பிரிங்பேங்க் அவற்றில் ஒன்று. ஆர்ச்சிபால்ட் மிட்செல் என்பவர் உரிமமின்றிக் காய்ச்சிவந்த இடத்தில், அவர் குடும்பத்துக்குச் சம்பந்தி முறையான ரீட் குடும்பத்தார் 1828இல் உரிமம் பெற்று வடிசாலை கட்டினார்கள். அவர்களுக்குப் பண நெருக்கடி வந்தபோது, 1837இல் ஆர்ச்சிபால்டின் மகன்களான ஜானும் வில்லியமும் அதை வாங்கினார்கள். பிறகு அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு வந்து வில்லியம் பிரிந்துபோனார். ஆடுகளை முன்னிட்டு எழுந்த சண்டை என்று சொல்வார்கள். அவர் 1872இல் கிளென்கைல் என்ற தனி வடிசாலையைத் தொடங்கினார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 130 ஆண்டுகளுக்குப் பின் இதே குடும்பத்தின் கதையில் அது மறுபடியும் வருகிறது. ஸ்பிரிங்பேங்க் ஜே அண்ட் ஏ மிட்செல் என்ற நிறுவனமாக 1897இல் பதிவு பெற்றது. இன்றும் உரிமையாளர் அதே நிறுவனம்தான்.

பிரிட்டன் முழுவதும் வடிசாலைகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய ஆல்ஃபிரட் பார்னர்டின் நூல் 1887இல் வெளிவந்தது. அதில் கேம்பல்டவுனில் மட்டும் 21 வடிசாலைகள் இடம்பெற்றுள்ளன. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய அத்தனையும் சரிந்தன. 1934இல் எஞ்சியவை இரண்டே இரண்டு: ஸ்பிரிங்பேங்க், கிளென் ஸ்கோஷியா. சரிவுக்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. கலவை விஸ்கி செய்யும் பெரிய வணிகர்கள், கேம்பல்டவுனின் எண்ணெய்ப் பதமும் புகைமணமும் கொண்ட கனத்த மதுவைவிட, ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் ரயில் எட்டிய ஸ்பேசைடு பகுதியின் இலகுவான மதுவை விரும்பத் தொடங்கினார்கள். முதல் உலகப் போர்க்காலக் கட்டுப்பாடுகளும் வரி உயர்வும் சேர்ந்தன. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. உள்ளூர்ச் சுரங்கமும் 1920களில் மூடப்பட்டது. கிராக்கி இருந்த நாளில் அவசர அவசரமாகக் காய்ச்சித் தரத்தைக் கெடுத்துக்கொண்டதும் உண்மை. கேம்பல்டவுன்காரர்கள் ஹெர்ரிங் என்ற கடல்மீன் அடைத்த பீப்பாயில் விஸ்கியை ஊற்றினார்கள் என்ற கதையும் அடிக்கடி சொல்லப்படுகிறது. போட்டியாளர்கள் கிளப்பிவிட்ட வதந்தியாகவே அது எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் பெயர் கெடுவதற்கு அவர்கள் செய்த வேறு தவறுகளே போதுமானவை.

இந்தச் சரிவின் நடுவே, 1920இல், ஜப்பானிலிருந்து வந்த மசதாகா தாகெத்சுரு என்ற இளைஞர் கேம்பல்டவுனின் ஹேசல்பர்ன் வடிசாலையில் தங்கித் தொழில் பழகினார். பார்த்ததை எல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு ஊர் திரும்பியவர், பின்னர் நிக்கா நிறுவனத்தைத் தொடங்கி 1934இல் யோயிச்சியில் வடிசாலை அமைத்தார். ஹேசல்பர்ன் 1925இல் மூடப்பட்டுவிட்டது. யோயிச்சியில் வடிகலனுக்கு அடியில் நிலக்கரி நெருப்பு மூட்டும் வழக்கம் மட்டும் இன்னும் நிற்கிறது.

ஸ்பிரிங்பேங்க் தப்பியதற்கு அதன் விஸ்கி மற்றவற்றைவிட உயர்ந்தது என்பதைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் 1926 முதல் 1933 வரை அதுவும் மூடித்தான் கிடந்தது. வேறுபாடு உடைமையில் இருந்தது: குடும்பச் சொத்தாக இருந்ததால், மூடிவைத்துக் காத்திருக்க முடிந்தது, விற்றுவிடு என்று நெருக்கும் பங்குதாரர்கள் இல்லை. இதே காரணம்தான் பழைய கருவிகளையும் காப்பாற்றியது. 1960களிலும் 1970களிலும் பெரிய நிறுவனங்கள் தம் வடிசாலைகளை இடித்துக் கட்டி, வடிகலன்களைப் பெருக்கி, நெருப்புக்குப் பதில் நீராவிக் குழாய் வைத்து நவீனமாக்கியபோது, கடைக்கோடியில் இருந்த இந்தச் சிறு நிறுவனத்துக்கு அவ்வளவு முதலும் இல்லை, அவசரமும் இல்லை. தற்செயலாகத் தப்பியது என்று தொடக்கத்தில் நான் குறிப்பிட்டது இதைத்தான். செலவைக் குறைக்கும் நோக்கில் அவர்களும் 1960இல் முளைகட்டும் தளத்தை மூடி, மால்ட்டை வெளியில் வாங்கத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்து முழுவதும் தேவைக்கு மேல் விஸ்கி தேங்கிய காலத்தில், 1979 முதல் 1987 வரை வடிசாலை ஏறக்குறைய முழுவதுமாக ஓய்ந்திருந்தது.

மீண்டும் இயங்கத் தொடங்கியபோது எடுத்த முடிவுதான் இன்றைய ஸ்பிரிங்பேங்கை ஆக்கியது. நிறுவனத் தலைவர் ஹெட்லி ரைட், ஆர்ச்சிபால்ட் மிட்செலின் நேரடி வழித்தோன்றல். 1992இல் முளைகட்டும் தளத்தைத் திறந்து, மால்ட் முழுவதையும் தாங்களே தயாரிப்பதென அவர் தலைமையில் தீர்மானித்தார்கள். வேலைவாய்ப்பு அரிதான ஊரில் இயந்திரத்தைவிட ஆட்களைக் கொண்டு வேலை நடத்துவதே முறை என்ற பிடிவாதமும் அதில் கலந்திருந்தது. 2023இல் அவர் காலமாகும் வரை இந்தப் போக்கு மாறவில்லை.

இனி செய்முறை. பார்லி மணியில் உள்ள மாவுச்சத்தை, சர்க்கரையைச் சாராயமாக்கும் ஈஸ்ட் நேரடியாக உண்ண முடியாது. அது சர்க்கரையாக வேண்டும். மணியை முளைக்கவிட்டால் அதற்கான நொதிகளை மணியே உண்டாக்கிக்கொள்கிறது. ஆகவே பார்லியைத் தண்ணீரில் ஊறவைப்பதும் வடிப்பதுமாக மாற்றி மாற்றிச் செய்து, ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்த ஈரப்பதத்தை 45 சதவீதத்துக்கு அருகில் கொண்டுவருகிறார்கள். பிறகு அதைத் தளத்தில் பரப்புகிறார்கள். முளைவிடும் மணி சூட்டை வெளியிடும். கவனிக்காமல் விட்டால் குவியலின் நடுப்பகுதி வெந்துபோகும், வேர்கள் பின்னிப் பாயாகிவிடும். அதனால் இரவு பகல் பாராமல் சில மணி நேரத்துக்கு ஒரு முறை மரச் சட்டுவத்தாலும் வாரியாலும் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்காலத்தில் படுகையைத் தடித்தும் வெயில் நாளில் மெல்லியதாகவும் பரப்பி, சன்னலைத் திறந்தும் மூடியும் வெப்பத்தைச் சரிக்கட்டுவது முழுக்க அந்த ஆளின் கைப்பழக்கம். ஆண்டுக்கணக்கில் இப்படிப் புரட்டியவர்களுக்கு ஒரு தோள் இறங்கிப்போகும்; குரங்குத் தோள் என்று அதற்குப் பெயரே உண்டு. இன்று பெரும்பாலான வடிசாலைகளுக்கு மால்ட் வருவது, சுழலும் பெரிய உருளைகளில் ஒரே நேரத்தில் பல டன் முளைகட்டும் தனி ஆலைகளிலிருந்து. அந்த மால்ட் ஒரே சீரானது, மலிவானது. தரையில் கட்டிய மால்ட் தொகுதிக்குத் தொகுதி சற்று வேறுபடும். அதைக் குறை என்று கொள்வதா, குணம் என்று கொள்வதா என்பது வாங்குபவரைப் பொறுத்தது.

முளை போதிய அளவு வந்ததும் சூளையில் உலர்த்தி வளர்ச்சியை நிறுத்துகிறார்கள். ஸ்பிரிங்பேங்க் தன் ஒரே வளாகத்தில் மூன்று வகை விஸ்கி செய்வதன் முதல் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. ஸ்பிரிங்பேங்க் என்ற பெயரில் வருவதற்கு ஏறத்தாழ 6 மணி நேரம் பீட் புகை, அதன் பின் வெறும் வெப்பக் காற்று. லாங்ரோ என்ற பெயரில் வருவதற்கு 48 மணி நேரம் வரை பீட் புகை மட்டுமே. மூடப்பட்ட அந்தப் பழைய வடிசாலையின் பெயரைத் தாங்கி வரும் ஹேசல்பர்னுக்குப் புகையே கிடையாது. மணி ஈரமாக இருக்கும்போதுதான் புகையிலுள்ள, மணம் தரும் பீனால் சேர்மங்கள் உமியில் நன்றாக ஒட்டும். காய்ந்த பிறகு எவ்வளவு புகைத்தாலும் பெரிய பயன் இல்லை. பீட்டை முதலிலேயே எரிப்பது அதனால்தான்.

உலர்ந்த மால்ட்டை அரைத்து, நூறாண்டு பழமை கொண்ட வார்ப்பிரும்புத் தொட்டியில் கொட்டிச் சுடுநீர் ஊற்றுகிறார்கள். மேல்மூடி இல்லாத திறந்த தொட்டி அது. ஒரு முறைக்கு 3.5 டன் மாவு. இன்றைய அளவில் இது மிகச் சிறியது. முன் உருவான நொதிகள் இங்கே மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. வடித்த இனிப்பு நீரைக் குளிரவைத்து லார்ச் மரத்தாலான ஆறு ஊறல் தொட்டிகளில் நிரப்பி ஈஸ்ட் சேர்க்கிறார்கள். பெரிய வடிசாலைகளில் பலவும் 50, 60 மணி நேரத்தில் ஊறலை முடித்துவிடுகின்றன. சாராயச் சத்து 8 அல்லது 9 சதவீதம் வரை ஏறும். ஸ்பிரிங்பேங்கில் 100 மணி நேரத்துக்கும் மேல் விடுகிறார்கள். சர்க்கரையை நீர்க்கவே வைத்திருப்பதால் சத்து ஏறத்தாழ 5 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. கணக்கர் கண்ணில் இது நஷ்டம். ஆனால் ஈஸ்ட் ஓய்ந்த பிறகு மரத்தில் குடியிருக்கும் லாக்டிக் நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்குகின்றன. பழ மணம் தரும் எஸ்டர்கள் உருவாவதற்கு வழி செய்வது அந்தக் கடைசி நாள்களே. புகையும் உப்புக்கரிப்பும் நிறைந்த இந்த விஸ்கியில் அன்னாசியும் கனிந்த வாழைப்பழமும் எங்கிருந்து வருகின்றன என்று வியப்பவர்கள் இந்தத் தொட்டிகளைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து வடிப்பு. மூன்று செப்புக் கலன்கள் உள்ளன. முதலாவது, ஊறலைக் காய்ச்சும் பெரிய கலன். இதற்கு உள்ளே நீராவிச் சுருள்களும் உண்டு, அடியில் எண்ணெய் எரியும் நேரடித் தீயும் உண்டு. ஊறலில் மிதக்கும் ஈஸ்டும் மாவுத் துணுக்குகளும் சூடான அடிப்பகுதியில் படிந்து கருகக்கூடும். அடிபிடித்த பால் எப்படியோ அப்படி அந்த வாடை முழுவதிலும் இறங்கிவிடும். அதைத் தடுக்கக் கலனுக்குள் செம்புச் சங்கிலிகள் அடியை உரசியபடி சுழன்றுகொண்டே இருக்கும். கருகாமல், அதே சமயம் நன்றாக வறுபட்டு வரும் அந்த எல்லைக்கோட்டில்தான் நேரடி நெருப்பின் கனத்த சுவை பிறக்கிறது. இரண்டாவது கலனில் இன்னொரு பழைய அமைப்பைக் காணலாம். ஆவியைக் குளிர்விக்க, புழுபோல் சுருண்டு இறங்கும் நீண்ட செம்புக் குழாயைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைத்திருக்கிறார்கள். ஆவி இதில் விரைவாகத் திரவமாகிவிடுவதால் செம்புடன் அது உறவாடும் நேரம் குறைவு. செம்பு நீக்க வேண்டிய கந்தகச் சேர்மங்களில் கொஞ்சம் தங்கிவிடும். புதிதாக வடித்த நிலையில் சற்று இறைச்சி வாடையாகத் தெரியும் அது, பீப்பாயில் ஆண்டுகள் செல்லச் செல்லச் சாறும் செறிவுமாக மாறுகிறது.

ஸ்பிரிங்பேங்க் விஸ்கியை இரண்டரை முறை வடித்தது என்பார்கள். ஒரு திரவத்தை அரை முறை எப்படி வடிப்பது? முதல் கலனில் ஊறலைக் காய்ச்சிக் கிடைப்பது லோ வைன்ஸ் எனப்படும் வலுக் குறைந்த சாராயம். அதில் ஒரு பகுதியை எடுத்துவைத்துவிட்டு, மீதியை இரண்டாவது கலனில் வடிக்கிறார்கள். கிடைப்பதற்கு இங்கே ஃபெயின்ட்ஸ் என்று பெயர். மற்ற வடிசாலைகளில் ஃபெயின்ட்ஸ் என்பது கடைசியில் ஒதுக்கும் வால் பகுதி. இங்கே அது நடுக்கட்டச் சரக்கு, இதில் குழம்பக் கூடாது. மூன்றாவது கலனில் 80 பங்கு ஃபெயின்ட்ஸும் 20 பங்கு லோ வைன்ஸும் கலந்து இறுதியாக வடிக்கிறார்கள். ஆக, புட்டியில் இருப்பதில் பெரும்பகுதி மூன்று முறையும், சிறு பகுதி இரண்டு முறையும் வடிக்கப்பட்டது. சராசரி பார்த்தால் 2.8 என்றுதான் வரும். இரண்டரை என்பது வழக்கில் நின்றுவிட்ட பேச்சு. மூன்று முறை வடித்தால் மது தூய்மையாகவும் மென்மையாகவும் ஆகும், இரண்டு முறையோடு நிறுத்தினால் கனமும் எண்ணெய்ப் பதமும் தங்கும். இரண்டையும் கலந்தே வடிப்பதால் அந்த இரு குணமும் ஒரே கோப்பையில் அமைகின்றன. லாங்ரோ இரண்டு முறை வடிக்கப்படுகிறது. ஹேசல்பர்ன் மூன்று முறை.

இந்த இரு பெயர்களும் கேம்பல்டவுனில் மறைந்துபோன வடிசாலைகளுடையவை. லாங்ரோ 1824இல் தொடங்கி 1896இல் மூடப்பட்டது. ஸ்பிரிங்பேங்குக்கு ஒட்டியே இருந்த அதன் பழைய கிடங்கில்தான் இன்று புட்டியில் அடைக்கும் கூடம் இருக்கிறது. ஐலா தீவு விஸ்கியின் புகைமணம் பெருநிலப்பரப்பிலும் சாத்தியமா என்று பார்க்க 1973இல் முதல் முறையாக லாங்ரோவை வடித்தார்கள். ஹேசல்பர்ன் 1997இல் தொடங்கியது. ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 80 சதவீதம் ஸ்பிரிங்பேங்க். மற்ற இரண்டும் பத்துப் பத்து சதவீதம்.

முதிர்விப்பதில் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்: ஸ்காட்லாந்துக்குள்ளேயே, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில், குறைந்தது 3 ஆண்டுகள். தண்ணீரும் நிறத்துக்காகக் கருகிய சர்க்கரைச் சாயமும் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டு இந்தியாவில் விற்கப்படும் விஸ்கிகளுக்கும் ஸ்காட்சுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்தச் சட்டத்திலும் மூலப்பொருளிலும் அடங்கியிருக்கிறது. ஸ்பிரிங்பேங்க் அந்தச் சாயத்தையும் சேர்ப்பதில்லை. குளிர்வித்து வடிகட்டுவதும் இல்லை. அப்படி வடிகட்டினால் பனிக்கட்டி இட்டாலும் கலங்காத பளபளப்பு கிடைக்கும், ஆனால் கொழுப்பு அமிலங்களும் எஸ்டர்களும் கொஞ்சம் கழிந்துபோகும். பெரும்பாலும், முன்பு போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியோ ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயினோ இருந்த பீப்பாய்களையும், சிறு அளவில் ரம், போர்ட் ஒயின் பீப்பாய்களையும் பயன்படுத்துகிறார்கள். வழக்கமாகக் கிடைக்கும் 10 ஆண்டு ஸ்பிரிங்பேங்க் 46 சதவீத வலுவில், போர்பன் பீப்பாய்ச் சரக்கு சற்று மிகுந்தும் ஷெர்ரி சற்றுக் குறைந்தும் கலந்து வருகிறது.

இந்த முறைக்கு விலை உண்டு. ஆண்டுக்கு 7,50,000 லிட்டர் வடிக்கும் திறன் இருந்தும், ஆள் வேலையை நம்பியிருப்பதால் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. கிராக்கியோ உலகெங்கும் பெருகிவிட்டது. வெளியீட்டு விலை நியாயமாகவே இருந்தாலும், இடையில் வாங்கி ஏலத்தில் பல மடங்குக்கு விற்பவர்கள் பெருகிவிட்டதால், குடிப்பதற்காக வாங்குபவர் கையில் புட்டி சேர்வது அரிதாகிவிட்டது. என் மதிப்பீட்டில், அந்த ஏல விலைகளுக்கு விஸ்கியின் சுவை பொறுப்பாகாது. பத்து ஆண்டுச் சரக்கைப் பல மடங்கு கொடுத்து வாங்குவதில் பொருளில்லை.

கிளென்கைலுக்கு வருவோம். 1990களின் இறுதியில், இயங்குபவை இரண்டே என்பதால் கேம்பல்டவுனைத் தனி விஸ்கி வட்டாரமாகக் கருத வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. மூன்று வடிசாலைகளோடு ஸ்காட்லாந்தின் தென்பகுதியான லோலண்ட்ஸ் தனி வட்டாரமாக நிற்கிறது என்றால் நாமும் மூன்றாக்கிவிடுவோம் என்று கருதிய ஹெட்லி ரைட், தம் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் தொடங்கி 1925இல் மூடப்பட்ட கிளென்கைலின் கட்டடங்களை 2000இல் வாங்கினார். வடிகலன்கள், முன்பே மூடப்பட்டிருந்த பென் விவிஸ் வடிசாலையிலிருந்து வந்தன. மால்ட் ஸ்பிரிங்பேங்கின் தளத்திலிருந்து வருகிறது. 2004இல் உற்பத்தி தொடங்கியது. 2009இல் வந்த ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் கேம்பல்டவுன் காப்புப் பெற்ற வட்டாரப் பெயர்களுள் ஒன்றாக இடம்பெற்றது. கிளென்கைல் என்ற பெயர் அதற்குள் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயராகிவிட்டிருந்ததால், விஸ்கி கில்கெரன் என்ற பெயரில் விற்கப்படுகிறது. புகை மிதமாகவும் விலை ஓரளவு எட்டும்படியும் உள்ள அதன் 12 ஆண்டுச் சரக்கு 2016 முதல் கிடைக்கிறது. ஸ்பிரிங்பேங்க் கிடைக்காமல் தேடி அலைபவருக்கு, அதே தளத்தின் மால்ட்டில் அதே ஆட்கள் செய்யும் அதைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.